குப்புராஜும் சிவந்த புல்லும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையை, ஒற்றைப் புல்லைத் தூக்கிக் காட்டியே இழுத்து மூடவைத்த ஆள் ஒருத்தர் உண்டென்றால் அது குப்புராஜ்தான். அன்றைக்கு அந்தப் பக்கத்துப் புகைபோக்கிகள் அத்தனையும் வாயைப் பொத்திக்கொண்டன. கல்கத்தா மெயில் எளாவூரில் நின்று, என்ன ஏதென்று விசாரித்துவிட்டுத்தான் வடக்கே போனது. சரி, உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்துவிட்டது. ரயில் நிற்கவில்லை. ஆலையும் மூடவில்லை, அதன் மேற்குப் பக்கத்து கேட் மட்டும் காலை ஷிப்ட் தொடங்கி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சாத்திக் கிடந்தது. ஆனால் புல் நிஜம். புல்லைத் தூக்கிப் பிடித்த கையும் நிஜம். அந்தக் கையை அப்புறம் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் குப்புராஜ் பட்ட பாடும் நிஜம்.

சிப்காட்டின் மேற்குச் சுவரை ஒட்டியது அவருடைய ஊர். கொஞ்சம் நஞ்சை, சில கறவை மாடுகள், ஓட்டு வீடு, லட்சுமியம்மாள் என்கிற மனைவி. பிள்ளை கிடையாது; பேச்சுதான் பிள்ளை. டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் பாய்லர் ஆறிப்போகும் என்பார்கள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தங்கை அஞ்சம்மாளை வளர்த்து ஆளாக்கி, ஐ.டி.ஐ. படித்த அன்புராஜுக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். மாப்பிள்ளை வெளியூர் இல்லை. அதே ஊர், அடுத்த தெரு; அவர்களுக்குத் தமிழ்செல்வி என்று ஒரு மகள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ரோலிங் மில்லில் அன்புராஜ் சேர்ந்து, படிப்படியாக ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனபோது, அதைத் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டவரும் குப்புராஜ்தான்.

“எங்க மாப்ள கீறாரே, இரும்ப சப்பாத்தி மாவு மாதிரி உருட்டுவாரு. சூடு ஆறலன்னா ஊதி ஊதி உருட்டுவாரு.”

“ஊதிக்கினு கீறது நீதான் மச்சான்” என்று அன்புராஜ் சிரிப்பார். அப்படி இருந்த உறவு அது.

இரண்டாயிரத்து ஐந்தில் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. அடுத்து வந்த மார்கழியில் பனி. ஆலைச் சுவரோரத்திலும் அதை ஒட்டிய வரப்புகளிலும் கொழுக்கட்டைப்புல் மண்டிக் கிடந்தது. மாட்டுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. ஒருநாள் பார்த்தால் அந்தப் புல்லின் மேலெல்லாம் சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு தூள். புல்லறுத்த பெண்களின் கைகள் முழங்கை வரை காவி. மாடுகளின் மூக்கு மருதாணி இட்டதுபோல் ஆயிற்று. குப்புராஜ் வெள்ளை வேட்டியோடு வரப்பில் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது, முழங்காலுக்குக் கீழே வேட்டி சிவந்து கிடந்தது.

“இன்னாயா, சாமியாராப் போகப் போறியா?” என்றாள் லட்சுமியம்மாள். “போறதுன்னா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போ.”

வேறு ஊராக இருந்தால் புல்லுக்கு ஏதோ சீக்கு என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் எது நிறம் மாறினாலும் முதலில் புகைபோக்கியைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கொடியில் போட்ட துணி கறுத்தாலும் சரி, குடத்துத் தண்ணீர் பழுத்தாலும் சரி. அப்படிப் பார்த்தது பெரும்பாலும் தப்பாகவும் போனதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பழைய இரும்பு குன்றுபோல் குவிந்து, மழையில் நனைந்து, அதே நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. குப்புராஜ் சுவரைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனபோது சிவப்புத் தூளுக்கு நடுவில் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தன. இரும்புத் தூள், கூடவே அடுப்புக்கரி. விசாரணை முடிந்தது, தீர்ப்பும் முடிந்தது.

பொங்கல் கழிந்த வாரம் ஊரே மேற்கு கேட் முன்னால் உட்கார்ந்தது. குப்புராஜ் டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்றார். கையில் ஒரு கொத்துப் புல்.

“இரும்பையும் கரியையும் தின்னுட்டு மாடு கறக்கிறது பாலா, பெயிண்டா? கேக்குறேன், சொல்லுங்க! நம்ம பாலைக் காய்ச்சி ஜன்னலுக்கு அடிக்கலாம் போலகீதே!”

கூட்டம் சிரித்தது, கை தட்டியது. அப்போதுதான் கேட்டின் சின்னக் கதவைத் திறந்துகொண்டு அன்புராஜ் வந்தார். வெளிர்நீலச் சீருடைச் சட்டை. நிர்வாகம் அனுப்பியதா, தானாக வந்தாரா என்று தெரியாது.

“மச்சான், கொஞ்சம் எறங்கி வா. எங்க மில்லுல இருந்து பொகை வருதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். ஆனா இந்தத் தூளு எங்களுது இல்ல. எங்களுதா இருந்தா தகரத்து மேல இருக்கணும், செவுத்து மேல இருக்கணும். புல்லை மட்டும் தேடிப் பிடிச்சு எப்படி ஒக்காரும்?”

ஒரு நிமிஷம் கூட்டம் அடங்கியது. சிலர் ஆலைக் கூரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் குப்புராஜால் தாங்க முடியவில்லை. டிரெய்லரிலிருந்து குதித்து, கையிலிருந்த புல்லை அன்புராஜின் நெஞ்சில் வைத்து, இந்தத் தோளிலிருந்து அந்த இடுப்பு வரை இழுத்துத் தேய்த்தார். நீலச் சட்டையில் சிவப்பாக ஒரு பட்டை விழுந்தது.

“எங்களுதாம்ல, எங்களுது! திங்கிறது இந்த மண்ணுச் சோறு. நக்குறது செவுத்துக்கு அந்தாண்ட. இவனையா எந்தங்கச்சிக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிவெச்சேன்?”

அன்புராஜ் சட்டையைக் குனிந்து பார்த்தார். தட்டிவிடவில்லை. வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் விடியற்காலை பால் சங்கத்தில் வழக்கம்போல் கேன்கள் வரிசையாக நின்றன. அஞ்சம்மாளும் தன் கேனைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் குப்புராஜைப் பார்த்தார்கள். நேற்றைய வெற்றிக்குப் பிறகு அவர் பார்வைக்கு ஒரு விலை வந்திருந்தது.  அஞ்சம்மாளின் கேனைக் காலால் மெல்ல வரிசையை விட்டு வெளியே நகர்த்தினார். அவ்வளவுதான். அண்ணனுடைய காலை ஒருதரம் பார்த்துவிட்டு, கேனை இடுப்பில் எடுத்துக்கொண்டு அவள் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பாலை ஊரில் யாரும் வாங்கவில்லை. அந்த வீட்டு வாசலில் யாரும் உட்காரவுமில்லை.

மில் நிர்வாகம் சண்டை வேண்டாமென்று ஒரு சமாதானத்துக்கு வந்தது. தினமும் ஒரு டேங்கர் லாரி வந்து சுவரோரப் புல்லைக் கழுவிவிட்டுப் போகும். புல்லுக்கு அன்றாடம் குளியல் நடத்திய ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான். குப்புராஜ் போட்டியில்லாமல் பால் சங்கத் தலைவர் ஆனார். டேங்கர் வரும்போதெல்லாம் வரப்பில் நின்று, “அந்தாண்ட ஊத்துபா, இந்தாண்ட ஊத்துபா” என்று கையைக் காட்டுவார். புல் கழுவக் கழுவச் சிவந்துகொண்டே போனதை அவர் கவனிக்காமல் இல்லை. கம்பெனி இரும்பு அப்படிப்பட்ட கெட்டி இரும்பு என்று சொல்லிக்கொண்டார்.

மாசியில் ஒரு காலை, ஒரு மொபெட் வந்து வரப்போரம் நின்றது. ஓட்டிவந்தவர் பழவேற்காட்டில் கருவாடு மொத்த வியாபாரம் செய்யும் நூர் முகம்மது. பின்னாலிருந்து இறங்கியவள் அவர் மகள் நௌஷீன். சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். தோளில் பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ்.

“அண்ணே, இந்தப் புல்லுல கொஞ்சம் இலை பறிச்சிக்கட்டுமா? சீக்கு வந்த இலையாப் பார்த்து.”

“சீக்கா?” குப்புராஜ் சிரித்தார். “இது சீக்கு இல்லம்மா, சதி.” சொல்லிவிட்டு டிரெய்லர் பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தார். பெயிண்ட் வரைக்கும் வந்தார். நௌஷீன் நடுவில் பேசாமல் முழுக்கக் கேட்டாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே போகக்கூடாதென்று வளர்க்கப்பட்ட பெண். பேச்சு முடிந்ததும் மண்டியிட்டு ஒரு இலையைக் கிள்ளி, லென்ஸை அவர் கையில் கொடுத்தாள்.

“கண்ணை ஒட்டி வெச்சுப் பாருங்கண்ணே. மேலேயிருந்து விழுந்த தூளா இருந்தா இலை மேல சும்மா கிடக்கணும். இது எங்கேயிருந்து வருது, பாருங்க.”

பார்த்தார். இலையின் தோல் நீளநீளமாகக் கிழிந்திருந்தது. ஒவ்வொரு கிழிசலுக்குள்ளிருந்தும் சிவப்புத் தூள் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வெளியே.

“இது பூஞ்சணம்ணே. நம்ம ஊறுகாய்ல பூக்குதே, அந்த மாதிரி ஒண்ணு. புல்லுக்குள்ள குடியிருந்து புல்லையே தின்னும். தோலைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து காத்துல பறக்கும். எங்க பாத்தாலும் கிடைக்கும், ஊத்துக்கோட்டையில கூடப் பறிச்சேன்.”

குப்புராஜ் லென்ஸை இலைக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். “அப்போ இந்தக் கறுப்பு? இது கரிதானே? கரியாவது…”

“அதுதாண்ணே எனக்கு வேணும்!” என்றாள் நௌஷீன், கல்யாணத்துக்கு நகை பார்க்கிற முகத்தோடு. “அது இன்னொரு பூஞ்சணம். புல்லைத் தொடாது. புல்லைத் திங்கிற அந்தச் செவப்பைத்தான் அது திங்கும். ஒட்டுண்ணிக்கே ஒட்டுண்ணி. இவ்வளவு அடர்த்தியா நான் எங்கேயும் பார்த்ததில்ல. ஈரம் தெறிக்கத் தெறிக்க ரெண்டும் இன்னும் பரவும். இங்க யாராச்சும் தினம் தண்ணி ஊத்துறாங்களா?”

“மழைம்மா” என்றார் குப்புராஜ்.

“மாசியிலயாண்ணே?”

நிழல் தேடி மொபெட் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூர் முகம்மது அங்கிருந்து குரல் கொடுத்தார். “பாய் ஊட்டுப் பொண்ணு படிச்ச படிப்பப் பாருங்க. நான் கடல்ல இருக்கிற மீனை வாங்குறேன், இவ புல்லுல இருக்கிற சீக்க வாங்குறா. அதுலயும் சீக்குக்கு வந்த சீக்கு!”

“வாப்பா, சும்மா இருங்க.”

குப்புராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.  யாரிடமும் சொல்லாதே என்று கேட்க நினைத்தார். கேட்டால், எதற்கு என்று அவள் கேட்பாள். “இதெல்லாம் ஊர் ஜனத்துக்குப் புரியாதும்மா” என்று மட்டும் சொன்னார்.

“நான் எதுக்குண்ணே ஊருக்குச் சொல்லப் போறேன்? எனக்கு இலை போதும்.”

மறுநாள் வரப்பிலிருந்து பார்த்தபோது மில் காம்பவுண்டுக்குள் நௌஷீன் நடந்து போய்க்கொண்டிருந்தாள். சுவரின் உட்புறமும் அதே புல். கூடவே, காகிதக் கவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு அன்புராஜ்.  போச்சு, சொல்லிவிடுவாள், சாயங்காலத்துக்குள் மில்லுக்குத் தெரியும், பொழுது விடிந்தால் ஊருக்குத் தெரியும் என்று குப்புராஜ் அன்று முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

“உடம்புக்கு இன்னா?” என்றாள் லட்சுமியம்மாள்.

“பேஜாரு பண்ணாத.”

ஆனால் பொழுது விடிந்தது; டேங்கர் வழக்கம்போல வந்து தண்ணீர் ஊற்றியது. அடுத்த நாளும் வந்தது. தெரிந்திருந்தால் மில்காரன் டீசலைச் செலவழித்துப் புல்லைக் குளிப்பாட்டுவானா? அன்புராஜ் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தார். எப்போதும்போல முகத்தைத் திருப்பாமல், பார்க்காமல், நேரே போனார். அந்தப் பெண் சொல்லவில்லை என்று குப்புராஜ் முடிவு கட்டினார். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி இல்லை.

இதுவரைக்கும் செய்தது தெரியாமல் செய்தது. இனிமேல் இருக்கிற ஒவ்வொரு நாளும் தெரிந்து இருக்கிற நாள். காலையில் சங்கத்தில் கேன்கள் வரிசையாக வரும்போது, அஞ்சம்மாளின் கேன் நின்ற இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போனார். பேச்சுக் குறைந்தது. டீக்கடையில் யாராவது வெளியூர்க்காரன் வந்தால், அருணாச்சலம் என்கிற சங்கத்து எழுத்தர் அவனை உட்காரவைத்து, “இவருதான் புல்லக் காட்டி மில்ல மடக்குனவரு. தலைவரே, அந்தப் பெயிண்டு மேட்டர ஒருதபா சொல்லு” என்பார். குப்புராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அதற்கும், “தற்பெருமையே கிடையாது பாரு” என்று ஒரு புகழ்ச்சி பின்னாலேயே வரும்.

கொடுமை என்னவென்றால், அந்தப் புகழ் ஊத்துக்கோட்டை வரைக்கும் போய்விட்டது. அங்கேயும் புல் சிவந்திருக்கிறதாம். ஆதிநாராயணன் என்று ஒரு விவசாயி ஷேர் ஆட்டோ வைத்து வந்து, கையோடு கூட்டிக்கொண்டு போனார். “நைனா, நீ வந்து ஒரு பார்வை பாத்து எந்த மில்லுன்னு காட்டிட்டா போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.” குப்புராஜ் வரப்பில் நின்று நாலு திசையும் பார்த்தார். தென்னை, நெல், பம்ப்செட் ரூம், ஆந்திரா பக்கத்து மலை. புகைபோக்கி என்று சொல்ல ஒரு அப்பளக் கடை அடுப்புகூட இல்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். தெரியாத ஊர், சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். வாய் வரை வந்தது.

“காத்துல வருதுங்க” என்றார். “எங்க ஊர்லருந்துதான்.”

ஆதிநாராயணன் கண்ணை விரித்தார். “அத்தினி தூரம் வருதா!” அவர் வீட்டில் நாஷ்டாவுக்குப் பெசரட்டு என்று பச்சைப்பயறு தோசை போட்டார்கள். குப்புராஜுக்கு இறங்கவில்லை. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் முட்டிக்கு முட்டி இடித்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. ஒருத்தரும் பார்க்கவில்லை.

அஞ்சம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவது என்று எத்தனையோ தரம் கிளம்பினார். தெருமுனை வரை நடப்பார். கொட்டகையில் அவள் பாலைத் தயிராக்கி, தயிரை மோராக்கி, விலைபோகாததைக் கன்றுக்கே ஊற்றிக்கொண்டிருப்பது தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம், “கன்னுகுட்டி நல்லா கீதா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தப் பக்கத்து வீட்டில் கன்றுக்குட்டியே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரும் மரியாதைக்கு, “நல்லா கீதுங்க” என்பார்.

வைகாசி பிறந்தது. ஒரு முற்பகல் அந்த மொபெட் மறுபடியும் வந்தது. நௌஷீன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

“அண்ணே, உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வாப்பாவைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். அந்தக் கறுப்பை எல்லாம் ஒவ்வொண்ணாத் தனியா வளர்த்து டி.என்.ஏ. எடுத்துப் பாத்தோம். ஊத்துக்கோட்டையது, திருநின்றவூரது, வேப்பம்பட்டு ரயில் தண்டவாளத்தோரம் எடுத்தது, உங்க ஊரது. எல்லாம் ஒரே மாதிரி கறுப்புதானே, ஒரே குடும்பமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். இல்லவே இல்ல! உங்க வரப்புலயே எத்தனை வம்சம் தெரியுமா? ஒரே இலையில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கிற ரெண்டு புள்ளிக்கு ஒண்ணுக்கொண்ணு சொந்தமே இல்ல. ஆனா செவுத்துக்கு உள்ளே எடுத்த ஒண்ணும் ஊத்துக்கோட்டையில எடுத்த ஒண்ணும் அச்சு அசல் ஒரே ரத்தம்.”

“சம்பந்தி வகையறா போல” என்றார் நூர் முகம்மது. “பாத்தா பக்கத்து ஊடு, விசாரிச்சா யாரோ. பாத்தா யாரோ, விசாரிச்சா சின்னம்மா மவன்.”

“இது எதுக்கு ஒதவும்மா?” என்று குப்புராஜ் கேட்டார். கேட்க நினைத்தது அதை இல்லை.

“எல்லாம் ஒரே வம்சமா இருந்தா, செவப்பு ஒரு வழி கண்டுபிடிச்சு மொத்தமாத் தப்பிச்சுடும். இப்படி விதவிதமா இருந்தா, ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு மடக்கும். நாளைக்குக் கம்புக்கோ சோளத்துக்கோ இந்தச் செவப்பு வந்தா, மருந்தடிக்காம இதை விட்டே பிடிக்க முடியுமான்னு பாக்கலாம். முடியும்னு இன்னும் சொல்லல. பாக்கலாம்.”

குப்புராஜ் தலையாட்டினார். மில்லில் யாரிடமாவது பேசினாயாம்மா என்று கேட்டுவிட வேண்டும். கேட்டே விடுவது என்று தொண்டையைச் செருமினார். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அஞ்சம்மாள். அந்தப் பேரை அதில் பார்த்து மாதக்கணக்கு ஆகியிருந்தது.

“ண்ணா” என்றாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. “தமிழ்செல்வி பெரிய மனுஷி ஆயிட்டா. நாளைக்குக் காலையில குச்சு கட்டணும். தாய்மாமன் ஓலை கொண்டுகினு வருவியா, இல்ல கூலிக்கு ஆள் வெச்சு நானே கட்டிக்கட்டுமா?”

“வரேம்மா” என்றார்.

அந்த வட்டாரத்தில் பெண் வயதுக்கு வந்தால், தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து தன் கையால் வாசலில் சின்னக் குடிலாகக் குச்சு கட்டித்தர வேண்டும். அதில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, புட்டு சுற்றுவது எல்லாம். மாமன் இல்லாமல் கூலிக்காரன் கட்டிய குச்சு என்றால், அந்தப் பெண் காலத்துக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காலையில் சைக்கிள் கேரியரில் தென்னை ஓலைக்கட்டோடு குப்புராஜும், தட்டில் பழம், பாவாடை தாவணியோடு லட்சுமியம்மாளும் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள். மாமன் வருகிறாரா என்று பார்க்கவே பாதி ஊர் கூடியிருந்தது. ஜன்னலுக்குள் மூலையில் தமிழ்செல்வியின் தலை தெரிந்தது. அன்புராஜ் வாசலில் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

குப்புராஜ் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். ஓலையை இறக்கவில்லை.

“ஓலை கட்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்” என்றார். டிரெய்லரில் நின்று பேசிய குரல் எங்கே போயிற்றோ; முன்வரிசையைத் தாண்டிக் கேட்கவில்லை. “அந்தப் புல்லு மேல இருந்தது மில்லுத் தூளு இல்ல. சீக்கு. புல்லுக்கு வர்ற சீக்கு. கறுப்பா இருந்ததும் கரி இல்ல. அதுவும் ஒரு பூஞ்சணம். மாப்ள அன்னைக்கே சொன்னாரு, எங்களுது இல்லன்னு. நான் கேக்கல. அவரு சட்டையில…” நிறுத்தினார். “எந்தங்கச்சி கேனைக் காலால தள்ளினேன். இந்தக் காலால.”

 யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அருணாச்சலம்தான் கூட்டத்திலிருந்து கேட்டார்.

“எப்பத் தெரிஞ்சுது தலைவரே இது?”

நியாயமான கேள்வி. மனுஷன் வீட்டிலிருந்து கிளம்பும்போது மாசி என்றுதான் சொல்ல நினைத்திருந்தார். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நிமிர்ந்தார். அத்தனை கண்கள். கதவோரம் அஞ்சம்மாளின் கண்கள்.

“நேத்துதான்” என்றார். “பழவேற்காட்டுப் பொண்ணு ஒண்ணு வந்துச்சே, மொபெட்டுல. நேத்து அதுதான் லென்ஸ் வெச்சுக் காட்டுச்சு.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. “தெரிஞ்ச மறுநாளே வந்து ஒத்துக்கினாரு பாரேன்” என்றது ஒரு குரல். “வேற எவன் செய்வான்?” என்றது இன்னொன்று. ஒரு கிழவர் முன்னால் வந்து குப்புராஜின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அருணாச்சலம் அங்கேயே, நாளையிலிருந்து அஞ்சம்மாள் கேன்தான் வரிசையில் முதல் கேன் என்று அறிவித்தார். லட்சுமியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குப்புராஜுக்கு நின்ற இடத்தில் தரை பிளந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. திட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

அன்புராஜ் படியிறங்கி வந்தார். சைக்கிளிலிருந்து ஓலைக்கட்டைத் தானே அவிழ்த்து, ஒரு ஓலையின் மட்டையை மச்சானிடம் கொடுத்து, நுனியைத் தான் பிடித்துக்கொண்டார். “பொண்ணு உள்ளே வேர்த்துக்கினு கீது, கட்டலாம்” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. கழிகளை நட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பழத்தட்டு உள்ளே போயிற்று. கூட்டத்தின் கவனமும் அதன் பின்னாலேயே உள்ளே போயிற்று.

வாசலில் இரண்டு பேர் மட்டும், பச்சை ஓலைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாகக் கயிறு முடிந்துகொண்டிருந்தார்கள். ஓலை இடுக்கு வழியாக அன்புராஜின் குரல், குப்புராஜுக்கு மட்டும் கேட்கிற அளவில், தணிந்து வந்தது.

“நேத்து இல்ல மச்சான். மாசியில. உங்கிட்ட சொன்ன மறுநாளே எங்கிட்டயும் சொல்லிடுச்சு அந்தப் பொண்ணு. மேனேஜர்கிட்ட சொல்லலாம்னு கிளம்புனேன். உந்தங்கச்சிதான் வுடல. எங்கண்ணன் தானா வந்து சொல்லும், அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னுட்டா.”